மூலையில் கட்டின சேலை

ஆவணி 6, ஞாயிறு

விடியவிருந்தே தூறல். பாண்காரன் எங்கள் மேல் லயத்து வரிசை வீடுகளுக்கு வரவில்லை. கொரோனாவுக்காக நாட்டை மூடியது வெள்ளிக்கிழமை. பாண் பேக்கரியும் அன்றைக்கே மூடல். காலையில் ரொட்டி, வெங்காயச் சம்பல்.

கௌசி தண்ணீர் டேங்கியடிப் பாறைக்குப் போயிருந்தாள். போனுக்கு அங்கேதான் சிக்னல். கணக்கு சேர் ஞாயிறும் போனில் வகுப்பு வைக்கிறார். பத்து மணி போலக் குடையும் இல்லாமல் ஓடி வந்தாள். கூடவே அவள் சிநேகிதி தர்ஷி, மூச்சு வாங்க. கௌசி என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டாள்.

பார்த்தேன். முத்துமாரி தாயே. என் பிள்ளை வயசுக்கு வந்துவிட்டாள்.

பதினாலு இன்னும் முடியவில்லை. சந்தோசம்தான். அழுகையும் வந்தது, ஏன் என்று தெரியாது. தர்ஷியை வீட்டுக்குப் போகச் சொன்னேன். வாசலிலேயே நின்றாள். "அத்தை, சடங்குக்குத் தோழி நான்தான். வேற யாருக்கும் சொல்லிறாதீங்க." சொல்லிவிட்டுத்தான் போனாள்.

செய்தது: லயத்துச் செல்லம்மாக்கா வந்து தலைக்கு ஊற்றினாள். பிறகு அடுப்படிக் குசினியின் தகரச் சுவர் மூலையில் பாய். என் நீல வாயில் சேலை கயிற்றில், திரையாக. தனித் தட்டு, தனிக் கோப்பை. காத்துக் கருப்பு அண்டாமல் பக்கத்தில் இரும்பு. வேறு இரும்பு கிடைக்கவில்லை, தேயிலைச் செடி வெட்டுகிற இவருடைய கவ்வாத்துக் கத்திதான்.

இனிப் பதினாறாம் நாள் என் தம்பி ராசு வந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். மாமன் தண்ணீர் விழாமல் தீட்டுக் கழியாது. அதுவரை வெளியே அடி வைக்கக் கூடாது, ஆம்பிளை முகம் பார்க்கக் கூடாது.

இவர் மலையிலிருந்து வந்து, திரைக்கு இந்தப் பக்கம் நின்று தொண்டையைக் கனைத்தார். "மகளே, சாப்பிட்டியா?" அவ்வளவுதான். பிறகு வெளியே போய் வெகுநேரம் பீடி.

ஆவணி 7, திங்கள்

நல்ல வெயில். துணி காய்ந்தது.

உளுந்தங்களி, நல்லெண்ணெய், முட்டை. முட்டை செல்லம்மாக்கா வீட்டுக் கோழி. உளுந்தைப் பதினாறு பங்காக அளந்து கட்டி வைத்தேன். கடை திறக்கிற வரைக்கும் இதுதான்.

இவரோடு பாறைக்குப் போய்த் தம்பிக்குப் பேசினேன். கொழும்பில் புடவைக் கடையில் நிற்கிறான். கடை பூட்டு, பொடியன்கள் எல்லாம் மேல்மாடி அறையில். சேதி கேட்டதும் சந்தோசத்தில் பக்கத்துப் பொடியன்களுக்கெல்லாம் கூவிச் சொன்னான். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். சீர் குறையக் கூடாது. பதினொரு தட்டு. பட்டுப் பாவாடை கட்டாயம். இவர் தங்கச்சி மகள் சடங்குக்கு வந்த தட்டுகளை இந்த லயம் இன்னும் பேசி முடிக்கவில்லை. இந்தப் பாக்கியத்துக்குப் பிறந்த வீட்டு ஆள் இல்லை என்று ஒருத்தி வாய் திறக்கக் கூடாது.

"பதினொண்ணாக்கா?" என்று ஒரு தரம் கேட்டான். ஆமாம் என்றேன். பிறகு, "சரிக்கா. திறக்கட்டும். வாறேன்" என்றான்.

பின்னேரம் செல்லம்மாக்கா முட்டையோடு வந்து குசினிப் படியில் உட்கார்ந்து சொன்னது: "நாட்டுக்கே சடங்கு வச்சிட்டாங்க புள்ள. எல்லாரையும் மூலையில குந்த வச்சாச்சு. அரசாங்கத்துக்கு மாமன் எவனோ, அவன் வந்து தண்ணி ஊத்தினாத்தான் நமக்கெல்லாம் விடுதல."

திரைக்குப் பின்னால் கௌசி சிரித்த சிரிப்பில் தகரமே அதிர்ந்தது.

ஆவணி 11, வெள்ளி

மழை. ரேடியோவில் சொல்லியாகிவிட்டது, இன்னும் ஒரு கிழமை மூடல். பரவாயில்லை. பதினாறுக்கு நாள் இருக்கிறது.

தீட்டு வீடு, விளக்கேற்றவில்லை. கோவிலுக்கும் பூட்டு. ரோட்டில் நின்று கம்பிக் கதவைப் பார்த்துக் கும்பிட்டேன். சாமியும் உள்ளே, பிள்ளையும் உள்ளே.

கௌசி போன் கேட்கிறாள். மூலையில் சிக்னல் இல்லை, கொடுத்து என்ன? டீச்சர்மார் சம்பளத்துக்காக ஆன்லைன் பாடத்தை நிறுத்தி எத்தனையோ நாள். கணக்கு சேர் ஒருவர்தான் விடாமல் நடத்துகிறார், அதுவும் போகிறதே என்கிறாள். பதினாறு நாளில் குடி முழுகிவிடாது என்றேன். திரைக்கு வெளியே உட்கார்ந்து அவள் கணக்குப் புத்தகத்தை நான் வாசித்தேன். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். கருவாடு சுற்றி வந்த பேப்பரை எழுத்துக்கூட்டியே மிச்சத்தைப் படித்தேன். வட்டி, வீதம் எல்லாம் வரும். எழுத்தைப் போட்டுச் செய்யும் கணக்கு வராது. "விடுங்கம்மா. எக்ஸ்னா உங்களுக்கு விளங்காது." விளங்காதுதான்.

ஆனால் தர்ஷி வருகிறாள். வகுப்பு முடிந்ததும் பின்பக்கம் வந்து தகரத்தில் தட்டுவாள். தகரத்தில் ஓர் ஆணி ஓட்டை. இந்தப் பக்கம் இவள் கண், அந்தப் பக்கம் அவள் வாய். பாடத்தை ஒப்பிப்பாள், பிறகு லயத்துக் கதை. கணக்கு சேர் வகுப்பு நடுவில் அவர் பெண்சாதி கருவேப்பிலை கேட்டது, சேர் மைக்கை மூடாமலே பதில் சொன்னது. இரண்டும் விழுந்து விழுந்து சிரிக்கின்றன. சின்னப் பிள்ளைகள்தானே என்று விட்டுவிட்டேன்.

ஆவணி 15, செவ்வாய்

கீழ் லயத்தில் இரண்டு வீட்டுக்குக் கொரோனா. சுகாதாரப் பகுதி பி.எச்.ஐ. ஐயா வந்து கயிறு கட்டிவிட்டுப் போனார். அந்த வழியாகத்தான் தண்ணீர் பிடிக்கிற பீலி. இனி மேலே இருக்கிற பீலிக்குச் சுற்றிப் போக வேண்டும். இடுப்பு விட்டுப் போகிறது. இந்த இடுப்பால்தான் தோட்டத்து வேலையில் பேர் வெட்டினார்கள். இப்போது வீட்டில் சும்மா இருக்கிறவள் என்று பேர்.

கௌசி நாள் முழுக்க அந்த ஆணி ஓட்டையில் கண்ணை வைத்தபடி. பாதையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற ஆட்கள், கங்காணி, மருந்து அடிக்கிற பொடியன்கள். ஆம்பிளை முகம் பார்க்கக் கூடாத நேரம். துணி துவைக்கிற சவர்க்காரத்தைப் பிசைந்து ஓட்டையை அடைத்தேன்.

"நான் ஆம்பிளைகளப் பாக்கலம்மா. டேங்கியத்தான் பாக்கிறேன்."

இருக்கட்டும். முறை முறைதான்.

ஆவணி 20, ஞாயிறு

காலையில் பனி, கையெட்டும் தூரம் தெரியவில்லை. பால்மா எங்கும் இல்லை. வெறுந்தேத்தண்ணி.

தர்ஷியை வரவேண்டாம் என்று போன கிழமையே சொல்லியிருந்தேன். அவள் வீடு கீழ் லயத்துக்குப் பக்கம். இன்றைக்கு மறுபடி வந்து நின்றாள். தலைக்கு எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல், பெருநாள் சட்டை. இந்த நாளில் எங்கே போகிறதுக்கு இந்தச் சோடனை என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"அத்தை, ஒரே ஒரு நிமிசம். தகரத்துக்கு இந்தப் பக்கம்தான் நிப்பேன்."

நாளைக்குப் பதினாறு. இந்த நேரத்தில் காய்ச்சல் கீச்சல் என்று வந்தால்? போ, சடங்குக்கு வந்து பேசிக்கொள் என்றேன். பையில் இருந்து இரண்டு கொய்யாக்காயை எடுத்துத் துணி துவைக்கிற கல்லில் வைத்தாள். கௌசிக்காம். திரும்பிப் பார்க்காமல் போனாள். கொய்யாவை ஆட்டுக்குப் போட்டேன். யார் கையெல்லாம் பட்டதோ.

உள்ளே இருந்து, "யாரும்மா?" "ஒருத்தருமில்ல" என்றேன்.

ஆவணி 21, திங்கள்

பதினாறாம் நாள். தம்பி இல்லை. நாடு திறக்கவில்லை.

இவர் பெரட்டுக்குப் போகாமல் நின்றார். "பாக்கியம், செல்லம்மாக்கா புருசனும் ஒரு வழியில புள்ளைக்கு மாமன் முறைதான். அந்த மனுசன் ஒரு செம்பு ஊத்தட்டும். புள்ளய வெளிய விடு."

கூடப் பிறந்தவன் கல்லுப் போல இருக்கும்போது கடன் வாங்கின மாமனா? நாளைக்கு இவர் தங்கச்சியே கேட்பாள், ஏன் அண்ணி, உங்கள் தம்பிக்கு என்ன என்று. முடியாது என்றேன். வாய் வார்த்தை தடித்தது. திரைக்குப் பின்னால் கௌசி. கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பாள்.

எப்படியும் வாற கிழமை திறந்துவிடுவார்கள். நாடே வீட்டுக்குள் இருக்கிறது. இவள் வெளியே வந்து எங்கே போகப் போகிறாள்? பள்ளிக்கூடமா, ரதமா, திருவிழாவா? ஒரு கிழமை முந்தினாலும் பிந்தினாலும் ஒன்றுதான்.

இதைச் சொன்னபோது கௌசி சொன்னது: "பாறைக்குப் போவேன்ல."

உளுந்து முடிந்தது.

ஆவணி 25, வெள்ளி

பிள்ளையார் சதுர்த்தி. சீனி இல்லாத கொழுக்கட்டை. மிச்சம் இருந்த கருப்பட்டித் துண்டைச் சீவிப் போட்டேன். கௌசி ஒன்றைக் கடித்துவிட்டு வைத்தாள்.

மறுபடி நீட்டிவிட்டார்கள். இந்த முறை ஒரு கிழமைக்கும் மேலே. வெள்ளிக்கிழமை வந்தாலே ரேடியோப் பக்கம் போகப் பிடிக்கவில்லை. நல்ல நாளை இப்படிக் கெடுத்து வைத்திருக்கிறார்கள்.

பீலியில் தர்ஷியின் அம்மாவைக் கண்டேன். தர்ஷி பண்டாரவளையில் ஒரு வீட்டில் நிற்கிறாளாம், பிள்ளை பார்க்க. "பள்ளிக்கூடமும் இல்ல அக்கா. சும்மா பாறையில குந்திக்கிட்டு இருக்கிறதுக்கு, அங்க மூணு வேளை சாப்பாடாவது. மரக்கறி லொறிக்குத் தடையில்லயாம், அதுல ஏத்தி விட்டோம். ஞாயித்துக்கெழம போனா. கௌசிகிட்ட சொல்லிட்டுத்தானே வந்தா?"

ஆமாம் என்றேன்.

பெருநாள் சட்டை. இரட்டைப் பின்னல். கொய்யா.

குடத்தைத் தூக்கிக்கொண்டு வரும்போது பாதி தண்ணீர் என் மேலே.

கௌசிக்குச் சொல்லவில்லை. சடங்கு முடியட்டும், நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம். "தர்ஷி ஏன் வாறதில்ல? கோவமா?" "கீழ் லயத்துல காய்ச்சல், அதான்." பிள்ளையார் நாளில் பொய்.

ஆவணி 30, புதன்

மழை, காற்று. தகரக் கூரையில் ஒரு மூலை தூக்கிக்கொண்டது. இவர் கல் வைத்தார்.

தம்பிக்குப் பேசினேன். கடை திறக்கவில்லை. திறந்தாலும் மாகாணம் தாண்ட விடமாட்டார்களாம். குரல் சரியில்லை. சாப்பிடுகிறாயா என்று கேட்டால் சிரிக்கிறான். நாள் குறித்துச் சொல்லு என்றேன். "நான் என்னாக்கா குறிக்கிறது? அவங்க குறிக்கணும்."

நாளை மறுநாள் புரட்டாசி பிறக்கிறது. புரட்டாசியில் சடங்கு செய்யலாமா கூடாதா? ஐயரிடம் கேட்கக் கோவிலும் பூட்டு.

கௌசி தூங்குகிறாள். காலையிலும் தூக்கம், மத்தியானமும் தூக்கம். முன்பு கக்கூஸுக்குத் தலையில் துண்டைப் போட்டுக் கூட்டிப் போகும்போது வேண்டுமென்றே மெதுவாக நடப்பாள். வானத்தைப் பார்ப்பாள், "அம்மா, வேலியில அந்தக் கொடி பூத்திருக்கு" என்பாள். இப்போது குனிந்த தலை நிமிராமல் போய் வருகிறாள். நல்ல அடக்கம் வந்துவிட்டது என்று செல்லம்மாக்காவிடம் பெருமையாகச் சொன்னேன்.

செல்லம்மாக்கா திரைப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். முட்டையை வைத்துவிட்டுப் போனாள்.

புரட்டாசி 2, சனி

புரட்டாசிச் சனி. விரதம்.

பாயைத் தட்டும்போது பார்த்தேன். பாய்க்கு அடியில் முடி. உருட்டி உருட்டிச் சின்னச் சின்னக் குண்டாக. முதலில் எலி என்று நினைத்தேன். இவள் தலையைத் தடவினால் காதுக்குப் பின்னால் மொழுமொழுவென்று ஒரு காசு அகலத்துக்கு வெறுமை. ஏன் பிடுங்கினாய் என்றால், "தெரியாதும்மா, கை தானா போகுது."

கண்ணேறுதான். மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டேன். நெடி வரவில்லை. நெடி வராவிட்டால் கண்ணேறு உண்டு என்பார்கள்.

பத்து மணிக்கு மிட்வைஃப் மிஸ் வந்தார். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையை நிறுக்க. சிங்கள மிஸ், தமிழ் நன்றாகப் பேசுவார். திரையைப் பார்த்துவிட்டு எத்தனை நாள் என்று கேட்டார். சொன்னேன். கையில் இருந்த தராசைக் கீழே வைத்தார். பிறகு திரைக்குள் போய்க் கௌசியோடு பேசினார். எல்லாவற்றுக்கும் அவள் ஒரே பதில்: "நல்லாருக்கேன் மிஸ்."

வெளியே வந்து என்னிடம்: "வெயில்ல நடக்க விடுங்க. சிநேகிதிங்க கூடப் பேச விடுங்க. நான் போற லயத்துல எல்லாம் இந்த வயசுப் பிள்ளைங்க இப்படித்தான் சுருங்கிப் போயிருக்கு. அதுங்க வெளியில இருக்கிற பிள்ளைங்க. இது உள்ளுக்குள்ள இன்னொரு உள்ளு."

இது எங்கள் முறை மிஸ், உங்களுக்கு விளங்காது என்றேன்.

"எங்க வீட்டுலயும் இந்த முறை இருக்கு. ஏழு நாள். நாள் முடிஞ்சா யார் வந்தாலும் வராட்டியும் தண்ணி ஊத்திருவாங்க."

படித்தவர்களுக்கு எல்லாம் லேசு. பிள்ளை யாருடையது, பேச்சு வாங்கப் போகிறவள் யார்? நாள் முழுக்க ஆத்திரம். சோறு குழைந்துபோனது.

புரட்டாசி 7, வியாழன்

தூறல். விறகு ஈரம். காஸ் வாங்கப் பசறைக்குப் போனவர்களும் வெறும் சிலிண்டரோடு திரும்பி வந்தார்கள்.

மிஸ் சொன்னதற்காக இல்லை, அறை நாறுகிறது என்பதற்காக ஆணி ஓட்டையில் இருந்த சவர்க்காரத்தைச் சுரண்டி எடுத்தேன். பாயில் ஒரு பொட்டு வெளிச்சம் விழுந்தது. பார் கௌசி, டேங்கி தெரியும் என்றேன்.

மத்தியானம் போய்ப் பார்த்தால் ஓட்டை மறுபடி அடைத்திருக்கிறது. அவளே. குளிக்க வைத்திருந்த சவர்க்காரத்தைக் கிள்ளி.

"கண்ணு கூசுது."

இவர் தினமும் வேலை விட்டு வந்ததும் திரைக்கு அடியால் மாரி பிஸ்கட் இரண்டைத் தள்ளுவார். முகம் பார்க்கக் கூடாதாம், கையையாவது பார்ப்போம் என்று. முதல் கிழமைகளில் உள்ளேயிருந்து ஒரு கை வந்து அவர் விரலைக் கிள்ளிவிட்டுப் பிஸ்கட்டை எடுக்கும். அப்பனும் மகளும் அதில் ஒரு விளையாட்டு. இன்றைக்குப் பாயைத் தூக்கினால் நாலைந்து நாள் பிஸ்கட் அப்படியே. எறும்பு.

இவரிடம் காட்டவில்லை. கூட்டி அள்ளினேன்.

புரட்டாசி 11, திங்கள்

பீலிக்குப் போய் வந்து குசினிப் படியில் குடத்தை இறக்கினேன். திரைக்குப் பின்னால் பேச்சுச் சத்தம். இரண்டு குரல். ஒன்று தர்ஷி. அதே மூக்கால் பேசுகிற பேச்சு, அதே "சும்மா இருடி."

ஒரு நொடி சந்தோசம். பிள்ளை பண்டாரவளையில் இருந்து வந்துவிட்டாள் என்று நினைத்தேன். பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். தகரத்துக்கு அந்தப் பக்கம் ஒருவரும் இல்லை. கல்லில் ஈரத் துணி மட்டும்.

உள்ளே: "சேர் இன்னைக்கு என்னா படிப்பிச்சாரு?" "ஒண்ணும் படிப்பிக்கல. ஒன்னயத்தான் கேட்டாரு." "பொய்." "சத்தியமா. கௌசல்யா எங்கன்னு கேட்டாரு." "நீ என்னா சொன்ன?" "அவ செத்துப் போயிட்டா சேர்னு சொன்னேன்." "சும்மா இருடி."

பிறகு சிரிப்பு. அதுவும் இரண்டு மாதிரி.

நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். தாயே, இது என்ன?

இவர் வந்ததும் சொன்னேன். முழுவதும் சொல்லவில்லை. செத்துப் போன பேச்சை விட்டுவிட்டுச் சொன்னேன். இவர் வேலை உடுப்பைக்கூடக் கழற்றவில்லை. நேரே போய்ச் சேலையைப் பிடித்து ஒரு பக்கமாக இழுத்தார். முறையாவது மயிராவது என்று இந்த மனுசன் வாயில் முதல் முறை கேட்டேன்.

கௌசி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டினாள். "மூடுங்கப்பா. மாமா வரல. மூடுங்க. தீட்டுப்பா."

நான் சொல்லிக் கொடுத்ததுதான். அப்படியே சொல்கிறாள்.

இவர் சேலையை விட்டுவிட்டு வெளியே போனார்.

புரட்டாசி 15, வெள்ளி

நாட்டைத் திறந்துவிட்டார்கள். மாகாண எல்லை மட்டும் மூடல். எங்களுக்குத் தேவையான கதவு எதுவோ அதை மட்டும் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

லயத்துப் பிள்ளைகள் எல்லாம் ரோட்டில். கத்தலும் கூச்சலும். கௌசி எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "தர்ஷி எதுல போனா?"

மரக்கறி லொறியில்.

"வெலிமடையில இருந்து கொழும்புக்குத் தெனம் லொறி போகுது. திரும்பி வரும்போது வெறும் லொறி. ஒன் தம்பிக்கு இது தெரியாதா?"

பாறைக்கு ஏறினேன். இடுப்பு வலி தெரியவில்லை. இத்தனை நாள் பொய்யா சொன்னாய், லொறி இருக்கிறதே என்று எடுத்த எடுப்பில் கேட்டேன். தம்பி மறுக்கவில்லை.

"லொறி இருக்குக்கா. டிரைவர் நம்ம ஊர்ப் பொடியன்தான். ரெண்டு தரம் ஏறிட்டு இறங்கிட்டேன். கடை பூட்டின நாள்ல இருந்து சம்பளம் இல்ல. நீ பதினொரு தட்டு கேட்ட. ஒரு பூமாலை வாங்கக் கூட என்கிட்ட வழியில்ல. வெறுங்கைய வீசிக்கிட்டு அந்தச் சனத்துக்கு முன்னால எப்பிடிக்கா வந்து நிக்கிறது?"

பாறையில் வேறு பிள்ளைகள் போனோடு. ஒரு பெட்டை சிரித்துக்கொண்டே யாருக்கோ கை காட்டினாள். கௌசி உட்காருகிற இடம் எது என்று எனக்குத் தெரியாது.

தட்டும் வேண்டாம், பாவாடையும் வேண்டாம், நீ மட்டும் வா என்றேன்.

தம்பி சொன்னது: "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேக்கா."

புரட்டாசி 22, வெள்ளி

நவராத்திரி இரண்டாம் நாள். வானம் வெளித்திருந்தது.

விடியவே தம்பி வந்து சேர்ந்தான். மேலெல்லாம் லொறியின் மரக்கறி வாடை, கன்னம் ஒட்டி. கையில் ஒரு செவ்விளநீர், வெற்றிலை, ஒரு சீப்பு வாழைப்பழம். லொறிக்காரப் பொடியன் வாங்கிக் கொடுத்தானாம். வாசலில் நின்று என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை.

கூப்பிட்டது செல்லம்மாக்காவை மட்டும். அப்படியும் நாலைந்து பெண்டுகள் வந்து நின்றார்கள். ஒருத்தியும் தட்டைப் பற்றிக் கேட்கவில்லை. என்ன பேசுவார்கள் என்று பயந்தேனோ அதை ஒருத்தியும் பேசவில்லை. அவர்கள் கண் எல்லாம் பிள்ளை மேல். எலும்பு தள்ளிய தோள், காதுக்குப் பின்னால் வெறுமை. ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

தம்பி மஞ்சள் தண்ணீர் ஊற்றினான். கௌசி கண்ணைத் திறக்கவில்லை. முதல் செம்புக்குக் குளிரில் துள்ளுவாள் என்று நினைத்தேன். துள்ளவில்லை. சும்மா நின்றாள், ஊற்றும்வரை. என் பழைய சிவப்புப் பட்டுச் சேலையை ஊசி குத்திக் கட்டிவிட்டேன். தோழியாக நிற்க ஆள் இல்லை. செல்லம்மாக்காவின் பேத்தி, ஏழு வயசுக் குட்டி, நின்றாள்.

கௌசி என் காதில், "தர்ஷி வரலயா?"

சொன்னேன். பண்டாரவளை, பிள்ளை பார்க்கிற வேலை, சொல்லிவிட்டுப் போக வந்தது, நான் விரட்டியது. கொய்யாவையும் சொன்னேன். தலையை ஆட்டினாள். அழுதால் நல்லது என்று காத்திருந்தேன். "சரிம்மா" என்றாள்.

தீட்டுக் கழிந்தது. வீடு கழுவி விளக்கேற்றினேன். கத்தியை இவரிடம் கொடுத்தேன். சேலையைக் கயிற்றில் இருந்து இறக்கினேன்.

புரட்டாசி 24, ஞாயிறு

வெயில். தம்பி நேற்றே அதே லொறியில் திரும்பிவிட்டான்.

காலையில் நீலச் சேலையை ஊற வைத்துத் துவைத்தேன். சவர்க்காரம் கடைசித் துண்டு. மஞ்சள் கறை போகவில்லை.

இவர் புதுசாக ரீலோட் காசு போட்டுக் கொண்டுவந்து போனைக் கௌசி கையில் கொடுத்தார். "பாறைக்குப் போ மகளே. கணக்கு சேர் வகுப்பு. அப்பாவும் கூட வாறேன்." பள்ளிக்கூடமும் திறக்கப் போகிறார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள் என்றார். போனை வாங்கினாள். பார்த்தாள். விளக்கு மாடத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

வாசல்படி வரை வந்தாள். அது உண்மை. வெளிச்சம் காலில் பட்டது. பாதையில் கொழுந்துக் கூடையோடு போன பெண்டுகள் "என்னா கௌசி, பெரிய மனுசி" என்று கேலி பண்ணினார்கள், நல்ல மனதோடுதான். திரும்பி உள்ளே போனாள்.

மத்தியானம் அதே தகரச் சுவர் மூலை, பாய் இல்லாத வெறுந்தரை. முழங்காலைக் கட்டிக்கொண்டு. ஏன் இங்கே, தீட்டெல்லாம் போய்விட்டதே தங்கம் என்றேன். இங்கே யார் வேண்டுமானாலும் பார்க்கலாமே, திரை இல்லை, எல்லாரும் பார்க்கிறார்கள் என்று முணுமுணுத்தாள். யார் பார்க்கிறார்கள்? வீட்டில் நான் ஒருத்திதான்.

கை காதுக்குப் பின்னால் போயிற்று. பிடித்து மடியில் வைத்தேன். மறுபடி போயிற்று.

"அம்மா. அந்தச் சேலையக் கட்டி விடுங்க."

வேண்டாம் என்றேன். கெஞ்சினேன். சின்னப் பிள்ளை போல அடம் பிடிக்காதே, எழும்பு என்று அதட்டியும் பார்த்தேன். முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டு, இரண்டு கையாலும் பொத்தி, அன்றைக்கு அப்பாவிடம் சொன்ன அதே குரலில், "கட்டி விடுங்கம்மா. கட்டி விடுங்க."

சேலை வெளியே கொடியில். காயவில்லை. ஈரத்தோடு எடுத்து வந்து கட்டினேன்.